நிற்க மறுத்த பறவை

கஞ்சிக்கோட்டில் எங்கள் ஷெட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் வாசலில் கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். உள்ளே ஒரு சுவரோரம் முழுக்கப் பென்குயின்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கும். எதிர்ப்பக்கம் முயல்கள். பஞ்சாயத்துப் பூங்காவிலும் பள்ளிக்கூட வளாகத்திலும் வயிற்றில் ‘என்னை உபயோகிக்கவும்’ என்று எழுதியபடி நிற்கும் குப்பைத்தொட்டிகள்தான் அவை. அவற்றைச் செய்வது நானும் என் கணவரின் அக்காவும். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம்.

எங்களுக்கு ஊர் வடகரப்பதி. வீட்டு ஆண்கள் தென்னையும் தக்காளியும் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபைபர் கம்பெனியில் தண்ணீர்த் தொட்டி செய்யும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். அந்தக் கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் வேறு கம்பெனி தேடிப் போனார்கள். நங்கையா மட்டும் என்னிடம், இத்தனை வருசம் இந்த ரெசின் வாடையைக் குடிச்சாச்சு, இனி நமக்காகக் குடிப்போம் என்றார். அப்படி எடுத்ததுதான் இந்த ஷெட். ஃபைபர் வேலை என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. களிமண்ணில் உருவம் செய்ய வேண்டும், அதன்மேல் அச்சு எடுக்க வேண்டும், அச்சுக்குள் கண்ணாடி இழைப் பாயை விரித்து ரெசின் என்கிற பிசினைத் தடவி இறுக விட வேண்டும். பிறகு பிரித்தெடுத்து, ஓரங்களை அறுத்து, தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். ஆனால் பென்குயினுக்கும் முயலுக்கும் மேலே நாங்கள் எதையும் செய்ததில்லை. எங்களிடம் யாரும் கேட்டதுமில்லை.

அப்படி இருக்கையில் பாலக்காட்டிலிருந்து ஒரு போன் வந்தது. ஒரு டிரஸ்ட் பிள்ளைகளுக்காக அறிவியல் கூடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தது. பேசியது இளம் பெண்குரல், சுத்தமான மலையாளம். அங்கே வைக்கும் உருவங்களுக்கு அவள்தான் பொறுப்பு. ஒரு பறவை செய்து தர வேண்டும், இப்போது உலகத்தில் இல்லாத பறவை என்றாள். நானும் மலையாளத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நங்கையா தேய்க்கிற மெஷினை ஓட்டிக்கொண்டிருந்ததால் பாதி காதில் விழவில்லை. திரும்பி, “நங்கையா, அந்த மிசினைச் சித்த நிறுத்துங்க, ஒண்ணும் கேக்க மாட்டீங்குது” என்றேன்.

போனில் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “அக்கா, நீங்க தமிழா? நானும் தமிழ்தாங்கா. இவ்வளவு நேரம் ரெண்டு பேரும் என்னத்துக்குக் கஷ்டப்பட்டோம்?”

அவளுக்குச் சொந்த ஊர் குமுளிப் பக்கம், ஓர் ஏலத்தோட்டம். அப்பா, அம்மா இருவரும் தோட்டத்து வேலை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, பறவைகளின் எலும்பைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள். அவள் தமிழ் ஒரு மாதிரி, எங்கள் தமிழ் ஒரு மாதிரி. ஒருநாள் பேச்சுவாக்கில், அப்பா காட்டுக்குப் போயிருக்காங்க என்றாள். நான் மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்திருப்பார் என்று நினைத்து, மழை உண்டா என்று விசாரித்தேன். அவளுக்குக் காடு என்றால் மரநிழலில் நிற்கும் ஏலச்செடி. அது புரிந்ததும் இருவரும் போனிலேயே சிரித்தோம்.

பறவையின் படத்தை அனுப்பினாள். பெயர் ஹெஸ்பெரோர்னிஸ். டைனோசர்கள் இருந்த காலத்துப் பறவை. அமெரிக்காவின் நடுவில் அப்போது ஒரு கடல் இருந்ததாம். அந்தக் கடல் வற்றி, அடியில் படிந்ததெல்லாம் சுண்ணாம்புப் பாறையாகிவிட்டது. அந்தப் பாறைக்குள்ளிருந்துதான் இதன் எலும்புகளை எடுத்திருக்கிறார்கள். பறக்காது. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குச்சி எலும்புதான். முங்கி மீன் பிடித்துத் தின்னும். வழுக்கும் மீனைக் கவ்வுவதற்கு அலகில் பல் உண்டு. படுக்க வைத்தால் ஆள் நீளத்துக்கு இருக்கும். படத்தில் அது கரையில் நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது.

நங்கையா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதென்ன அம்மிணி, பென்குயினுக்குப் பல்லு மொளைச்சாப்பல இருக்குது” என்றார். பிள்ளைகள் அதன் வாயில் மிட்டாய்த் தாளைப் போடாமல் இருந்தால் சரி என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, பல் வேலையை வேறு யாரையும் தொட விடவில்லை. இந்தப் பறவைக்குப் பற்கள் தனித்தனிக் குழியில் இல்லை, தாடையில் ஒரே நீளமான பள்ளத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். மேல் அலகின் முன்பாதியில் பல்லே கிடையாது. நங்கையா ஒவ்வொரு பல்லையும் ரெசினில் வார்த்து, பின்னால் வளைந்த மாதிரி அரம் வைத்து ராவி, தேநீர்ச் சாயம் போட்டுப் பழுப்பாக்கினார். வெள்ளை வெளேரென்று இருந்தால் கட்டின பல் மாதிரி தெரியுமாம். நான் உடம்பைப் பார்த்துக்கொண்டேன். தேய்ந்த ரம்பத் தகட்டைக் களிமண்ணில் இழுத்து இழுத்து இறகின் கோடுகளைக் கொண்டுவந்தேன்.

அச்செடுத்து ஃபைபரில் வார்த்தபோது உடம்பு அழகாக வந்தது. வினை அதை நிறுத்தும்போது ஆரம்பித்தது.

கால்களுக்குள் இரும்புக் கம்பி வைத்து, படத்தில் உள்ளபடி நிமிர்த்தினோம். கையை எடுத்ததும் முன்பக்கமாகச் சாய்ந்தது. வாலுக்குள் கல் போட்டோம். அப்போதும் சாய்ந்தது. காலை முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தோம். நின்றது, ஆனால் வயிற்றுவலிக்காரன் நிற்பதுபோல இருந்தது. கடைசியில் பக்கத்து ஷெட்டில் வேலை பார்க்கும் ஒடிசாக்கார வெல்டரைக் கூப்பிட்டு, பாதத்துக்கடியில் கனமான இரும்புத் தகடு ஒன்றை வைத்துப் பற்ற வைத்தோம். நின்றது. பெயின்ட் அடித்துக் காய்வதற்காக வெளியே வைத்தோம்.

அது ஆனி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று திபுதிபுவென்று வந்துகொண்டிருந்தது. மலையோரத்துக் காற்றாலைகள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. நாங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே தகரம் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தகடோடு சேர்ந்து பறவை குப்புற விழுந்து கிடந்தது. அலகு இரண்டாகப் பிளந்துவிட்டது. நங்கையாவின் பற்கள் மண்ணில் சிதறிக் கிடந்தன.

நங்கையா புடவைக்கு மேலே போட்டிருந்த சட்டையின் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகப் பொறுக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, அழைப்புக்கூட அடித்துவிட்டார்கள்.

வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்தப் பெண் பஸ் ஏறி வந்ததும் அன்றைக்குத்தான். வந்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் எதையும் கேட்காமல், தானும் மண்ணில் உட்கார்ந்து பல் தேடினாள். எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. நெசமாவே இது நிக்காதுக்கா. உசுரோட இருந்தப்பவே நிக்கல.”

அப்புறம் விளக்கமாகச் சொன்னாள். இந்தப் பறவையின் தொடை உடம்போடு ஒட்டிப் புதைந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ளது மட்டும்தான் வெளியே வரும். அதுவும் கீழே பார்த்து வராது, பின்பக்கமாகப் போய்த் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் விரியும். உடம்புக்கடியில் காலைக் கொண்டுவந்து எழுந்து நிற்க அதனால் முடியாது. கரைக்கு வந்தால் வயிற்றால் தவழ்ந்துதான் போயிருக்கும். நிற்கிற மாதிரி வரைந்தது பழைய காலத்து வழக்கம். கூடத்துக்கான படங்களை அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரு கூட்டத்தில் அவள் இதைச் சொல்லிப் பார்த்தாளாம். நிற்கிற பறவைதான் ஜனங்களுக்குச் சட்டென்று புரியும் என்று முடித்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவள், அதற்குமேல் வாதாடவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் என்னமோ ஒன்று லேசானது. இத்தனை நாள் அதை நிறுத்த முடியாமல் போனது என் கையின் குற்றம் என்று நினைத்து உடைந்துபோயிருந்தேன். அப்படியில்லை. பறவைதான் எங்களிடம் விழுந்து விழுந்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அவளை அன்றைக்குப் பாலக்காட்டுக்கு அனுப்பவில்லை, எங்கள் ஊட்டுக்குக் கூட்டிப்போனேன். படத்தைப் பார்த்து எனக்குக் கால் செய்ய வராது, உதைப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். இப்போதிருக்கிற பறவைகளில் அதற்குக் கிட்ட வருவது எது என்று கேட்டதற்கு, முக்குளிப்பான் என்றாள். சொந்தம் ஒன்றும் நெருக்கமில்லையாம், ஆனால் காலும் அதை உதைக்கிற விதமும் கிட்டத்தட்ட அதேதான். முக்குளிப்பானுக்கு எங்கே போவது? எங்கள் தென்னந்தோப்பை ஒட்டிய தடுப்பணைத் தண்ணீரிலேயே இருக்கிறதே. கோழிக்குஞ்சைவிடக் கொஞ்சம் பெரிசு. வருசம் பூராவும் அங்கே முங்கி முங்கி எழுகிறதை நான் மோட்டார் போடப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அதன் காலை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

காலையில் இருவரும் அணைச் சுவரின் மேலே குப்புறப் படுத்துக்கொண்டோம். தண்ணீர் தெளிந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு முக்குளிப்பான்கள் சுவரோரமாகவே வந்தன. ஒன்று முங்கியது. முங்கும்போது பார்த்தேன்: இறக்கையை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, இரண்டு காலையும் வால் பக்கத்திலிருந்து அகட்டி ஒரு உதை. தவளை உதைப்பதைவிடப் பின்னால். அந்த ஒரு உதையில் எங்கேயோ போய்விட்டது. பாதத்தில் வாத்துக்கு உள்ளதுபோல ஜவ்வு இல்லை. விரல் ஒவ்வொன்றும் தனித்தனி இலை மாதிரி அகன்று விரிந்தது, திரும்ப இழுக்கும்போது மடங்கிக்கொண்டது. நான் அப்படியே படுத்தவாக்கில் என் கையை அப்படியும் இப்படியும் திருப்பி அந்த வளைவைப் பழகிப் பார்த்தேன். அவளும் பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்தாள். தோப்புக்குத் தண்ணீர் கட்ட வந்த என் கணவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அந்தப்பக்கமாகப் போய்விட்டார்.

ஷெட்டுக்குப் போய் நங்கையாவிடம் விசயத்தைச் சொன்னோம். காலை அறுத்துவிட்டு நீந்துகிற மாதிரி மாற்ற வேண்டும், கழுத்தையும் திருப்ப வேண்டும், உடம்பு மட்டும்தான் மிஞ்சும் என்றேன். நங்கையா ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டது நிற்கிற பறவை, கொடுக்க வேண்டியதும் அதுதான், வேண்டுமானால் இன்னும் கனமான தகடாகப் போடலாம் என்றார். விழாவுக்கு முன்னால் முடியாமல் போனால், அப்புறம் பென்குயின் செய்வதற்குக்கூட நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 

அவர் பேசிக்கொண்டே பறவையிடம் போனார். அது வயிறு தரையில் பட, நீட்டிப் படுத்த வாக்கில் கிடந்தது. அதன் முதுகில் கையை வைத்துக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் தடவினார். அந்தப் பெண்ணிடம் திரும்பி, இது நல்லா நீந்துமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கடலில் இதைப்போல நீந்தின பறவை வேறு இருந்திருக்காது என்று தோன்றுகிறது என்றாள் அவள்.

“நிக்கறதுக்குப் பொறக்காததைப் புடிச்சு நாம எதுக்கு நிறுத்தோணும்?” என்றார் நங்கையா. “அம்மிணி, அறுக்கற மிசினை எடு.”

நான் எடுத்துக் கொடுத்தேன். முதல் காலை அவரே அறுத்தார்.

அந்தப் பெண் அன்றைக்கே டிரஸ்ட் தலைவரிடம் பேசிவிட்டாள். அவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர், கண்டிப்பானவர். நேரில் வந்து பார்க்கிறேன், மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் பழையபடி நிற்கிற மாதிரிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலை அறுத்துவிட்டோம் என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அதை எங்களிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்திருந்தது. நங்கையா அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

அதற்கப்புறம் நாங்கள் வேலை செய்த மாதிரி என் ஆயுசில் வேலை செய்ததில்லை. அவள் லீவு போட்டுவிட்டு எங்களோடேயே இருந்தாள். எலும்பின் அளவுகளை அவள் சொல்லச் சொல்ல நான் களிமண்ணில் காலைச் செய்தேன். ஒன்று உதைத்து முடித்தது, இன்னொன்று உதைக்கப்போவது. கழுத்தை ஒரு பக்கம் வளைத்து, அலகை லேசாகத் திறந்து, மீனைக் குறி வைக்கிற மாதிரி அமைத்தோம். என்ன நிறம் அடிப்பது என்று கேட்டதற்கு, எந்த எலும்பிலும் நிறம் எழுதி வைத்திருக்கவில்லை, அது யாருக்கும் தெரியாது என்று சிரித்தாள். முதுகைக் கறுப்பாகவும் வயிற்றை வெளுப்பாகவும் வைத்துக்கொண்டோம். மேலேயிருந்து பார்த்தால் ஆழத்தோடும், கீழேயிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடும் கலந்துவிடும், முங்கிப் பிழைக்கிற பறவைகள் பலவும் அப்படித்தான் என்றாள். நங்கையா பழைய பற்களை எல்லாம் கழுவித் துடைத்துத் திரும்பப் பதித்தார். உடைந்துபோனதற்குப் பதில் புதிது வார்த்தார்.

தலைவர் வருகிற அன்றைக்குச் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பி போட்டு, கூரை இரும்பிலிருந்து பறவையை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டினோம். ஒடிசாக்காரர் சங்கிலியை இழுக்க, தரையை விட்டு வயிறு எழும்பியது.  அத்தனை நாளும் சாய்ந்தும் விழுந்தும் எங்களைப் படுத்திய கனமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஷெட்டின் நடுவில், ஒரு பக்கம் பென்குயின்களும் மறுபக்கம் முயல்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அது நீந்திக்கொண்டிருந்தது.

தலைவர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே நடந்தவர் பாதியில் நின்றார். சுற்றி ஒருமுறை நடந்தார். அந்தப் பெண் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள்; கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அப்புறம் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். மூலையில் கிடந்த சாக்கை இழுத்துப் பறவைக்கு அடியில் விரித்து, வெள்ளை வேட்டியோடு அதில் மல்லாந்து படுத்தார். அடியிலிருந்து பார்க்கும்போது அந்தக் கால்கள் எப்படித் தெரியும் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நாங்களும் படுத்துப் பார்த்திருந்தோம்.

வெகுநேரம் கழித்து, “ஜீவனுண்டு” என்றார். உயிர் இருக்கிறது என்று. அவ்வளவுதான்.

எழுந்ததும் அந்தப் பெண்ணிடம், கூடத்தில் வைக்கப்போகிற மற்ற உருவங்களும் சரிதானா, இல்லை அவற்றிலும் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். அவள் தயங்காமல், இன்னும் இரண்டு இருக்கிறது சார் என்றாள். அப்படியானால் அதையும் நீயே மாற்று, இனி எந்தப் படமானாலும் உன் கை பட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும் என்றார். அவர் காரில் ஏறிப் போகிற வரைக்கும் அவள் நிதானமாக நின்றாள். கார் வளைவில் திரும்பியதும் என்னைக் கட்டிக்கொண்டாள். நங்கையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அப்புறம் மறுபடியும் துடைத்தார்.

பறவையை லாரியில் ஏற்றி, வைக்கோல் மெத்தைமேல் வைத்துக் கட்டி, பாலக்காட்டுக்குக் கொண்டுபோனோம். நங்கையா முன் சீட்டில் உட்கார மறுத்துவிட்டார். பின்னால் ஏறி, அதன் கழுத்தை அணைத்துப் பிடித்தபடி வந்தார். கோயம்புத்தூர் ரோட்டில் எங்களை முந்திப்போன பஸ்களில் ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீண்டது. ஓரிடத்தில் போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி நிறுத்தி, இது என்ன சாதனம் என்று மலையாளத்தில் கேட்டார். டைனோசர் காலத்துப் பறவை, பல் இருக்குது, கிட்டப் போகாதீங்க என்று நங்கையா தமிழிலேயே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே வழி விட்டார்.

திறப்பு விழாவில் கூட்டமான கூட்டம். கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது எங்கள் பறவைதான், கூரையிலிருந்து தலைக்குமேலே பாய்ந்து வருகிற மாதிரி. கீழே பலகையில் அதன் பெயர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தது. தமிழும் வேண்டும் என்று நின்று வாங்கியவள் அந்தப் பெண். மேடையில் தலைவர், இதைச் செய்தவர்கள் எழுந்து வர வேண்டும் என்று கூப்பிட்டார். நாங்கள் இருவரும் ஏறினோம். பேசச் சொன்னார்கள். நங்கையா மைக்கைப் பிடித்து, இது எங்க ஷெட்டுல செஞ்சதுங்க, பாத்துட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அன்றைக்குப் பேசியவர்களில் அவருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

குமுளியிலிருந்து அந்தப் பெண்ணின் அம்மாவும் அப்பாவும் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருந்தார்கள். அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பறவைக்கு அடியில் நிறுத்தினாள். அப்பா முதலில் பலகையில் உள்ள தமிழை எழுத்தெழுத்தாக வாசித்தார். அம்மா பலகையைப் பார்க்கவேயில்லை. பறவையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எலும்பு எலும்புன்னு வருசக்கணக்காப் படிச்சா” என்றார் என்னிடம். “என்னத்தப் படிக்கிறான்னு கேக்கிறவங்களுக்குச் சொல்லத் தெரியாம முழிப்பேன். இனிமே சொல்லிருவேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.  

அதற்குள் எல்லையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பிள்ளைகள் வேன்களில் வந்து இறங்கிவிட்டார்கள். டீச்சர் வரிசை வரிசை என்று கத்தினார். வரிசை பறவைக்கு அடியில் வந்ததும் கலைந்துபோனது. ஒரு சின்னப் பெண் நங்கையாவின் சேலையை இழுத்து, இது கடிக்குமா என்று கேட்டாள். நீ மீனா இருந்தாக் கடிக்கும் என்றார் நங்கையா. எத்தனை பல் இருக்கிறது என்று இன்னொருத்தி கேட்டாள். எண்ணித்தான் பாரேன் என்றார். அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் கழுத்தை அண்ணாந்து விரலை நீட்டிச் சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி. ஒருத்தி எண்ணினது இன்னொருத்தி எண்ணினதோடு ஒத்துப்போகவில்லை. ஆளாளுக்கு ஓடிவந்து ஒரு கணக்குச் சொன்னார்கள். பல் பதித்தவர் நடுவில் நின்றுகொண்டு, சரி கண்ணு, நீ சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.